நடுங்கும் நாய் தெருவில் நடக்குமா?

காலை 6 மணி. சென்னையில் ஒரு தெரு.

பால் பாக்கெட் போடுகிறவர் போய்விட்டார். குப்பை வண்டி இன்னும் வரவில்லை. ஒரு வீட்டின் கேட் திறக்கிறது. பள்ளிக்கூடத்தில் படிக்கும் பையன் ஒருவன் வெளியே வருகிறான். அவன் கையில் சங்கிலி. சங்கிலியின் மறுமுனையில் ஒரு நாய்.

பையன் வந்துவிட்டான். நாய் வரவில்லை!

கேட்டுக்கு உள்ளே நாலு காலையும் ஊன்றிக்கொண்டு நிற்கிறது. வால் பின்னங்கால்களுக்கு நடுவே போய்விட்டது. காது பின்னால் படிந்துவிட்டது. பையன் இழுக்கிறான். நாய் பின்னால் சாய்கிறது. கழுத்துப் பட்டை காது வரை ஏறிவிட்டது.

"இழுக்காதேடா! அது பயப்படுதுடா!" என்று வாசலில் இருந்து பாட்டி சத்தம் போடுகிறார்.

"இழுக்காம எப்படிப் பாட்டி வரும்?" என்று கேட்கிறான் பையன்.

இப்படி ஒரு காட்சியை இப்போது எந்தத் தெருவிலும் பார்க்கலாம். பையன் கேட்டது நல்ல கேள்வி. அதற்குப் பதில் இருக்கிறது. பாட்டிக்குப் பாதி தெரிந்திருக்கிறது.

சங்கிலி ஏன் வந்தது?

முன்பெல்லாம் பல வீடுகளில் நாயை யாரும் "அழைத்துக்கொண்டு" போவதில்லை. காலையில் கதவைத் திறந்து விடுவார்கள். நாய் தானே போகும். தெருவைச் சுற்றும். பசித்தால் திரும்பி வரும். கிராமங்களில் இன்றும் அப்படித்தான்.

பட்டணத்தில் அது முடியாமல் போய்விட்டது.

2024-ம் ஆண்டு மே மாதம் சென்னை ஆயிரம்விளக்கு பகுதியில் ஒரு பூங்காவில், 5 வயதுச் சிறுமியை இரண்டு ராட்வீலர் நாய்கள் கடித்தன. அவை தெரு நாய்கள் அல்ல. ஒருவர் வளர்த்த நாய்கள். ஊரே கொதித்தது.

அதன் பிறகு கெடுபிடி அதிகமாயிற்று. வீட்டு நாய்க்கு உரிமம் வேண்டும், தோலுக்கு அடியில் 'மைக்ரோ சிப்' பொருத்த வேண்டும் என்று 2025-ம் ஆண்டு சென்னை மாநகராட்சி கண்டிப்புக் காட்டியது. உரிமம் இல்லாவிட்டால் 5 ஆயிரம் ரூபாய் அபராதம் என்று அறிவித்தது. தெருவுக்குக் கொண்டுவந்தால் சங்கிலி போடவேண்டும், வாய்ப்பூட்டும் போடவேண்டும் என்றது.

அதே ஆண்டு டெல்லியில் சுப்ரீம் கோர்ட்டு மூன்று உத்தரவுகள் போட்டது. ஆகஸ்டு 11-ந் தேதி, டெல்லி வட்டாரத்துத் தெரு நாய்களை எல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொன்னது. நாடு முழுவதும் வாதம் நடந்தது. ஆகஸ்டு 22-ந் தேதி வேறு மூன்று நீதிபதிகள் அதை மாற்றினார்கள். கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடலாம். வெறிநோய் கண்டதையும் மூர்க்கமானதையும் விடக்கூடாது என்றார்கள். நவம்பர் 7-ந் தேதி, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் நிலையம், ரெயில் நிலையம் ஆகிய இடங்களில் உள்ள நாய்களை அகற்ற வேண்டும், அங்கே திரும்ப விடக்கூடாது என்று கோர்ட்டு சொன்னது.

இதனால் நாய் வைத்திருப்பவர்கள் கடைக்குப் போய்ச் சங்கிலி வாங்கினார்கள். தெரு நாயைப் பரிதாபப்பட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தவர்களும் சங்கிலி வாங்கினார்கள்.

சங்கிலி வாங்குவது சுலபம். பழக்குவது? அதுதான் தெரியவில்லை.

ஓட முடியாத நாய்

பயந்த நாய்க்கு முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஓடுவது. இரண்டு, கடிப்பது. பெரும்பாலான நாய்கள் முதலில் ஓடத்தான் பார்க்கும். சங்கிலி போட்டால் ஓட முடியாது. மிச்சம் இருப்பது ஒரு வழிதான்.

இதை நினைத்துப் பார்த்தால் விஷயம் எவ்வளவு பெரியது என்று புரியும். பயங்கொள்ளி நாயை ஊர் கேலி செய்கிறது. "இது எதற்கு உதவும்?" என்கிறது. ஆனால் பிடித்து இழுத்துக்கொண்டு போகப்படும் பயங்கொள்ளி நாய், எதிரே ஓடிவரும் குழந்தையைக் கடித்துவிடலாம். மூர்க்கத்தால் அல்ல, பயத்தால்.

2024-ம் ஆண்டில் இந்தியாவில் 37 லட்சத்துக்கும் மேற்பட்ட நாய்க்கடிகள் பதிவானதாக மத்திய அரசு பாராளுமன்றத்தில் தெரிவித்தது. அவ்வளவும் பயத்தால் கடித்தவை என்று சொல்ல முடியாது. வீட்டு நாய், தெரு நாய் எல்லாம் அதில் அடக்கம். ஆனால் வீட்டு நாயின் பயத்தைப் போக்குவது வளர்ப்பவர் கையில் இருக்கிறது. அதற்குக் கோர்ட்டும் வேண்டாம், மாநகராட்சியும் வேண்டாம்.

(நாய் கடித்தால், எந்த நாய் ஆனாலும், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவ வேண்டும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். "நம்ம வீட்டு நாய்தானே" என்று இருந்துவிடக் கூடாது.)

பயம் எங்கே பிறக்கிறது?

அடித்து வளர்த்த நாய்தான் பயப்படும் என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதி உண்மை. யாரும் அடிக்காத நாயும் பயப்படும்.

1961-ம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு சோதனை நடந்தது. வேலி போட்ட வயலில் நாய்க்குட்டிகளை வளர்த்தார்கள். சாப்பாடு உண்டு. தாய் உண்டு. மனிதர்கள் மட்டும் அருகே போகவில்லை. சில குட்டிகளை மட்டும் இடையில் ஒரு வாரம் வெளியே எடுத்து மனிதர்களுடன் பழகவிட்டார்கள். 14 வாரம் வரை மனிதரோடு பழகாத குட்டிகள் காட்டு மிருகம் போல் ஆகிவிட்டன. மனிதரைக் கண்டால் ஓடின. பிறகு அவற்றைப் பழக்குவது பெரும்பாடாக இருந்தது.

இதில் இருந்து தெரிந்தது என்ன? குட்டிக்கு 3 வாரம் முதல் சுமார் 3 மாதம் வரை ஒரு காலம். அப்போது எதைப் பார்க்கிறதோ, எதைக் கேட்கிறதோ, அதெல்லாம் "உலகம் இப்படித்தான்" என்று மனதில் பதியும். அப்போது பார்க்காதது எல்லாம் பின்னால் பூதமாகத் தெரியும்.

மாடி வீட்டில், ஏ.சி. அறையில், செல்லமாக வளரும் குட்டியை நினைத்துப் பாருங்கள். ஊசி எல்லாம் போட்டு முடியும் வரை வெளியே விடக்கூடாது என்று வைத்திருப்பார்கள். நோய்க்கு அது சரி. ஆனால் லாரியைப் பார்த்ததில்லை. குடை பிடித்தவரைப் பார்த்ததில்லை. ஹெல்மெட் போட்டவரைப் பார்த்ததில்லை. நாலு மாதம் ஆனதும் ஒரு நாள் தெருவில் இறக்கி விடுகிறார்கள். அது நடுங்காமல் என்ன செய்யும்? அந்தக் குட்டியைத் தரையில் விடாமல், கையில் தூக்கிக்கொண்டு தினமும் வாசலில் 10 நிமிஷம் நின்றிருந்தால் போதும். தெரு பழகியிருக்கும்.

தெருவில் இருந்து கொண்டுவந்த நாயின் கதை வேறு. அதற்கு லாரி பயம் இல்லை. கழுத்தில் கயிறு விழுவதுதான் பயம். கயிறு என்றால் நாய் பிடிக்கும் வண்டி என்று அது கற்றிருக்கலாம்.

பின்லாந்து நாட்டில் 13 ஆயிரத்து 700 வீட்டு நாய்களைப் பற்றி விசாரித்தார்கள். அந்த முடிவு 2020-ல் வெளியாயிற்று. நூற்றுக்கு 32 நாய்களுக்குச் சத்தம் என்றால் பயம். நூற்றுக்கு 29 நாய்களுக்கு வேறு ஏதாவது பயம். பின்லாந்து அமைதியான நாடு. அங்கேயே இப்படி என்றால், ஹாரனும் வேட்டும் நிறைந்த நம் ஊர்களில் எப்படி இருக்கும்!

இழுத்தால் என்ன?

"நடுத்தெருவில் கொண்டுபோய் நிறுத்து. நாலு நாளில் பயம் தெளிந்துவிடும்." இப்படிச் சொல்லும் அனுபவசாலி தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். நீச்சல் தெரியாதவனைக் கிணற்றில் தள்ளும் வைத்தியம் இது. பிழைத்தவன் கதையைத்தான் ஊர் சொல்லும்.

நடுத்தெருவில் நிறுத்திய நாய் சில நேரம் அசையாமல் நிற்கும். "பார்த்தீர்களா, பயம் போய்விட்டது" என்பார்கள். போகவில்லை. உறைந்துபோய் நிற்கிறது. கையில் பிஸ்கட் கொடுத்துப் பார்த்தால் தெரியும். பிடித்த பிஸ்கட்டைக்கூடத் தொடாது. பசி எடுக்காத அளவுக்குப் பயம்!

அடிப்பது அதைவிட மோசம். போர்ச்சுகல் நாட்டில் 92 நாய்களை வைத்து ஓர் ஆராய்ச்சி நடந்தது. அதுவும் 2020-ல் வெளியானதுதான். சில நாய்கள் தின்பண்டம் கொடுத்துப் பழக்கும் பள்ளிகளில் படித்தவை. சில, சுண்டி இழுத்தும் அதட்டியும் பழக்கும் பள்ளிகளில் படித்தவை. பயிற்சி முடிந்ததும் எச்சிலைச் சோதித்தார்கள். அதட்டிப் பழக்கிய நாய்களிடம் கலவரத்தைக் காட்டும் சுரப்பு அதிகமாக இருந்தது. அவை அடிக்கடி உதட்டை நக்கின, கொட்டாவி விட்டன.

கொட்டாவி விட்டால் தூக்கம் என்று நினைக்கக் கூடாது. தெருவில் நிற்கும் நாய் கொட்டாவி விட்டால், உதட்டை நக்கினால், முன்னங்காலை ஒன்று தூக்கிக்கொண்டு நின்றால், வெயில் இல்லாமலே இளைத்தால், அது பயம். குரைப்பதற்கு வெகு நேரம் முன்பே நாய் இப்படிச் சொல்லிவிடுகிறது. கேட்பார் இல்லை.

கோழிக்கறியும் லாரியும்

சரி, என்ன செய்வது?

1924-ம் ஆண்டு அமெரிக்காவில் மேரி கவர் ஜோன்ஸ் என்ற பெண்மணி ஒரு காரியம் செய்தார். பீட்டர் என்று ஒரு சின்னப் பையன். 3 வயதுகூட நிரம்பவில்லை. அவனுக்கு முயல் என்றால் பயம். அவனை உட்காரவைத்து, பிடித்த தின்பண்டத்தைக் கொடுத்தார். அறையின் தூரமான மூலையில் முயலைக் கூண்டோடு வைத்தார். பையன் தின்றான். மறுநாள் கூண்டு கொஞ்சம் கிட்டே வந்தது. இப்படியே நாளுக்கு நாள். கடைசியில் பையன் முயலைத் தடவிக் கொடுத்தான்!

நாய்க்கும் இதே வழிதான். ஒரு நூற்றாண்டு ஆகியும் இதைவிட நல்ல வழி வரவில்லை.

வேகவைத்த கோழிக்கறி. உப்பு, மசாலா, வெங்காயம் கூடாது. சைவ வீடாக இருந்தால் பனீர். விரல் நகம் அளவு துண்டுகள். இதைச் சாப்பாட்டு நேரத்தில் கொடுக்கக் கூடாது. தெருவுக்கு மட்டும் என்று வைக்க வேண்டும்.

லாரிக்குப் பயப்படும் நாயை லாரி பக்கத்தில் கொண்டுபோக வேண்டாம். லாரி தூரத்தில் தெரியும் இடத்தில் நிற்க வேண்டும். எவ்வளவு தூரம்? அதை நாய்தான் சொல்ல வேண்டும். லாரியைப் பார்த்தும் கறியைத் தின்றால், தூரம் சரி. தின்னாவிட்டால், இன்னும் பின்னால் போக வேண்டும். வாசலிலேயே நிற்க வேண்டியிருந்தாலும் சரி. முதல் பத்து நாள் நடை என்பது வாசல்படியில் நிற்பதாகவே இருக்கலாம்.

இதில் பலர் தவறுவது ஓர் இடத்தில்தான். லாரி வரும் முன்பே கறியைக் காட்டி நாயை ஏமாற்றுகிறார்கள். நாய் கறியைப் பார்க்கும். உடனே லாரி வரும். நாலு நாளில் நாய் என்ன கற்கும்? கறி வந்தால் லாரி வரும் என்று கற்கும். பிறகு கறியைக் கண்டாலே நடுங்கும்! முதலில் லாரி. நாய் அதைப் பார்க்க வேண்டும். பிறகு கறி. லாரி போய்விட்டால் கறியும் நின்றுவிட வேண்டும். அப்போதுதான் லாரியைக் கண்டதும் நாய், "கறி எங்கே?" என்று திரும்பி முகத்தைப் பார்க்கும். அப்படி அது திரும்பிப் பார்க்கும் நாள் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அடுத்த நாள் இரண்டு அடி முன்னே போகலாம்.

பயந்த நாயைத் தடவிக் கொடுத்தால் பயம் அதிகமாகும் என்று ஒரு பேச்சு உண்டு. அது சரியல்ல. பயம் ஒரு வேலை அல்ல, கூலி கொடுத்தால் கூடுவதற்கு. நாய் வந்து காலோடு ஒண்டினால் தாராளமாகத் தடவலாம். ஒண்டாத நாயைப் பிடித்து அணைக்க வேண்டாம்.

கழுத்துப் பட்டையைவிட நெஞ்சைச் சுற்றிப் போடும் பட்டை நல்லது. நாய் பின்னால் இழுத்தால் கழுத்துப் பட்டை கழன்றுவிடும். நாய் ஓடிவிடும். பயந்து ஓடும் நாய் பஸ்ஸைப் பார்க்காது. நெஞ்சுப் பட்டை மூச்சையும் அடைக்காது. சங்கிலியைவிட 6 அடி நீளக் கயிற்றுப் பட்டை கைக்கு இதம். அது எப்போதும் தொய்ந்து இருக்க வேண்டும். இறுகிய கயிறு, பிடித்திருப்பவரின் பயத்தை நாய்க்குச் சொல்லிவிடும்.

நாய் மோந்து பார்த்தால் அவசரப்படுத்தக் கூடாது. மின்கம்பத்தை ஐந்து நிமிஷம் மோந்தால் மோந்துவிட்டுப் போகட்டும். மனிதன் தெருவைக் கண்ணால் பார்க்கிறான். நாய் மூக்கால் பார்க்கிறது. மோந்து பார்க்கத் தொடங்கியது என்றாலே பயம் கொஞ்சம் இறங்கியது என்று அர்த்தம்.

பாதியில் நின்று வீட்டைப் பார்த்துத் திரும்பினால்? திரும்ப வேண்டியதுதான். தான் நினைத்தால் வீட்டுக்குப் போகலாம் என்று தெரிந்த நாய்தான் மறுநாள் தைரியமாக வெளியே வரும்.

நம் தெருவின் தொல்லைகள்

மேல்நாட்டுப் புத்தகங்களில் இல்லாத சங்கடம் ஒன்று இங்கே உண்டு. வீட்டு நாய் தெருவில் இறங்கினால், தெரு நாய்கள் நாலு கூடிவிடும். குரைக்கும். சூழ்ந்துகொள்ளும். அப்போது ஓடக்கூடாது. கல் எடுக்கவும் வேண்டாம். நாயைத் தன் பின்னால் நிறுத்திக்கொண்டு, மெதுவாக அவற்றின் எல்லையை விட்டு வெளியே வர வேண்டும். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஓர் எல்லை உண்டு. பெரும்பாலும் அது ஒரு தெருமுனையில் முடிந்துவிடும். எது எங்கே முடிகிறது என்று நாய் இல்லாமல் ஒரு நாள் தனியாக நடந்து பார்த்து வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

அடுத்தது வேட்டு. மனிதன் காது 20 ஆயிரம் ஹெர்ட்ஸ் வரை கேட்கும். நாயின் காது சுமார் 45 ஆயிரம் வரை கேட்கும். தமிழ்நாட்டில் தீபாவளிக்குக் காலையில் ஒரு மணி, மாலையில் ஒரு மணி என்று 2018 முதல் நேரம் குறித்து வருகிறார்கள். அந்த நேரத்தில் யார் நிற்கிறார்கள்? முந்தின வாரமே தொடங்கிவிடுகிறது. திருவிழா, கல்யாணம், சாவு ஊர்வலம் என்று ஆண்டு முழுவதும் வேட்டு உண்டு. ஒரே ஒரு வேட்டு, இரண்டு மாதப் பழக்கத்தை அழித்துவிடலாம். அப்படி அழிந்தால் மறுபடி வாசல்படியில் இருந்து தொடங்க வேண்டும். இரண்டாவது தடவை சீக்கிரம் தேறும்.

வெயிலும் ஓர் எதிரி. மத்தியானம் தார் ரோடு கொதிக்கும். புறங்கையை ரோட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். கையால் தாங்க முடியாவிட்டால் நாயின் பாதமும் தாங்காது. சுட்ட கால் கொண்ட நாய் மறுநாள் கேட்டைத் தாண்டாது. அதைப் "பயம்" என்று பெயர் வைப்பது அநியாயம்.

வாய்ப்பூட்டு விஷயத்தில் எச்சரிக்கை தேவை. நாய்க்கு மனிதனைப் போல் உடம்பெல்லாம் வேர்ப்பதில்லை. வாயைத் திறந்து இளைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். வாயை இறுக்கிக் கட்டும் துணிப்பூட்டு நம் வெயிலுக்கு ஆபத்து. கூடை போன்ற பூட்டுதான் ஏற்றது. அதை மாட்டிக்கொண்டு இளைக்கலாம், தண்ணீர் குடிக்கலாம். அதையும் திடீரென்று மாட்டக்கூடாது. கூடைக்குள் கறியைப் போட்டு, நாய் தானே மூக்கை நுழைக்கும்படி ஒரு வாரம் விட வேண்டும்.

'மைக்ரோ சிப்' அரிசி மணி அளவுதான் இருக்கும். அதில் 15 இலக்க எண் ஒன்று உண்டு. நாய் எங்கே இருக்கிறது என்று அது காட்டாது. சிலர் அப்படி நம்பியிருக்கிறார்கள். கருவி வைத்துப் படித்தால்தான் எண் தெரியும். எண் தெரிந்தால் சொந்தக்காரர் தெரியும். வேட்டுக்குப் பயந்து ஓடிப்போன நாய் வீடு திரும்ப இது உதவும். ஆகையால் அபராதத்துக்குப் பயந்து மட்டும் அல்ல, நாய்க்காகவும் அதைப் பொருத்துவது நல்லது.

நேற்று வரை துள்ளி வந்த நாய் இன்று திடீரென்று வெளியே வர மறுத்தால், அது மனப்பயமாக இல்லாமலும் இருக்கலாம். மூட்டு வலி இருக்கலாம். கண் மங்கியிருக்கலாம். காதில் சீழ் இருக்கலாம். முதலில் கால்நடை டாக்டரிடம் காட்ட வேண்டும். சென்னை வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. பயம் மிகுந்த நாய்களுக்கு மருந்தும் உண்டு. அதை டாக்டர் எழுதிக் கொடுக்க வேண்டும். வீட்டில் தாத்தாவுக்கு வைத்திருக்கும் தூக்க மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுப்பது கொலை பாதகம்.

எத்தனை நாள் ஆகும்?

சில நாய்கள் மூன்று வாரத்தில் தேறும். சில, ஆறு மாதம் எடுக்கும். சில நாய்கள் கடைசி வரை மவுண்ட் ரோட்டில் நடக்கா. அவற்றுக்கு மொட்டை மாடியும் பின்கட்டும் போதும். சங்கிலியில் கட்டி ஊர்வலம் விட்டே தீரவேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

அந்தப் பையனும் பாட்டியும் என்ன செய்யலாம்? நாளைக்குக் காலை 6 மணிக்குப் பதில் 5 மணிக்கு எழுந்திருக்கலாம். அந்த நேரத்தில் தெருவில் வண்டி குறைவு. பையன் வாசலில் உட்காரட்டும். பாட்டி ஒரு சின்னக் கிண்ணத்தில் கறித்துண்டு கொண்டுவந்து வைக்கட்டும். கேட்டைத் திறந்து வைத்துவிட்டு, கயிற்றைத் தொய்வாகப் பிடித்துக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் இருவரும் உட்கார்ந்திருக்கட்டும். ஒரு சைக்கிள் போகும். நாய் பார்க்கும். ஒரு துண்டு கறி. ஒரு ஆட்டோ போகும். நாய் பார்க்கும். இன்னொரு துண்டு.

கொஞ்ச நேரத்தில் நாய் எழுந்து கேட்டின் ஓரத்தை மோந்து பார்க்கும். ஒரு கால் வெளியே வரும். தூரத்தில் குப்பை வண்டி மணி அடிக்கும். கால் உள்ளே போய்விடும்.

அன்றைக்கு அவ்வளவுதான். கேட்டைச் சாத்திவிட்டுப் பையன் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பலாம்.